பழைய வண்டியும் பாதையில்லாப் பயணமும்



வீதியுள்ள இடத்தில் வண்டி செலுத்துதல் ஒன்று. வீதியில்லாத இடத்திற் செலுத்துதல் வேறொன்று. முன்னதில் வண்டி நின்றுவிட்டால் அடுத்த சந்தியில் ஒரு கராஜ் இருக்கும். பின்னதில் நின்றுவிட்டால், நாம் கொண்டுசென்ற தண்ணீரும், நாம் கொண்டுசென்ற கருவிகளும், நம்முடைய அறிவுமே நமக்குத் துணை. பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கிச் சீர்செய்து, அதனோடு கூடாரமும் அடுப்பும் கொண்டு, காட்டோரங்களிலும் கடற்கரைகளிலும் தங்கித் தங்கிச் செல்லும் ஆர்வம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. நம் நாட்டு இளைஞர் சிலரிடமும் அதனைக் காண்கிறோம். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் சில ஆண்டுகள் புதிய வண்டி கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்திற் பழைய வண்டிகளைப் பேணிக் காக்கும் பழக்கமும் வலுப்பெற்றது.

இயந்திரங்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் வரலாறு கற்றவன். பொறியியல் கற்றவன் அல்லேன். ஆயினும் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்ற ஒரு வண்டி, இவ்விடயத்தை என்னைச் சிந்திக்கச் செய்தது.

வண்டியைக் கொண்டுவந்தவர் என்னிடம் முன்னர் பயின்ற மாணவர். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராகப் பணிபுரிபவர். வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். ஆவணி விடுமுறையில் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாக இலங்கையைச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரம், முன்புறத்துக்குக் கனத்த இரும்புத் தடுப்பு, மின்விசையாற் சுழலும் இழுவைப்பொறி, கூரைத் தாங்கி, பெரிய சில்லுகள், ஒளிமிக்க விளக்குகள் என்று ஒரு நீண்ட பட்டியல். கையிலிருந்த பணம் அதிற் பாதிக்கே போதும். “ஐயா, இவற்றுள் எதை முதலில் வாங்கலாம்? எதைப் பிறகு வாங்கலாம்?” என்று கேட்டார்.

அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஒரு பழைய கதையையே கூறினேன். அதனை உங்களுக்கும் கூறுகின்றேன்.

எகிப்து நாட்டின் மேற்கெல்லையில், லிபியாவுக்குள்ளும் பரந்து, பெரும் மணற்கடல் எனப்படும் ஒரு நிலப்பரப்பு உண்டு. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணற்றொடர்கள் பல, முந்நூறு அடிக்கும் மேல் உயர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அலைகள் போல் நிற்கின்றன. 1874ஆம் ஆண்டில் கெர்காட் ரோல்ஸ் என்னும் ஜெர்மானியப் பயணி ஒட்டகங்களுடன் இதனைக் குறுக்கே கடக்க முயன்றார். இயலாது வடக்கே திரும்பிச் சீவா என்னும் பாலைச்சோலையை அடைந்தார். பின்னர் 1920களில் எகிப்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் கெமால் அல்தீன் குசேன், பின்சில்லுகளுக்குப் பதிலாகச் சுழல்பட்டை பூண்ட சிற்றோன் வண்டிகளைக் கொண்டு லிபியப் பாலையின் தென்பகுதியை ஆராய்ந்தார். அவை விலைமிக்க விசேட வண்டிகள், இளவரசர்க்கே இயல்வன.

அக்காலத்திற் கெய்ரோவிற் பணிபுரிந்த பிரித்தானியப் படை அதிகாரி ஒருவர், றால்ப் பக்னோல்ட் என்பது அவர் பெயர், தம் நண்பர்களுடன் விடுமுறை நாட்களிற் பாலைவனத்துக்குச் செல்லலானார். அரசாங்கம் பணங் கொடுக்கவில்லை; தத்தம் சம்பளத்திலிருந்தே செலவு செய்தனர். அவர்கள் முதலிற் பயன்படுத்திய வண்டி போர்ட் நிறுவனத்தின் மொடல் ரீ. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாகி, உலகெங்கும் மலிவாகக் கிடைத்த எளிய வண்டி அது. ஏறக்குறைய 20 குதிரைவலுவே உடையது. பின்னர் அதன் வழிவந்த மொடல் ஏ வண்டிகளைக் கொண்டு 1929ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் மணற்கடலுக்குள்ளேயே புகுந்தார்கள். நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் அமைப்பு அவ்வண்டிகளுக்கு இல்லை. பின்சில்லுகள் இரண்டே அவற்றைத் தள்ளின.

அவ்வண்டிகளை அவர்கள் எவ்வாறு ஆயத்தஞ் செய்தனர்? முதலிற் செய்தது கழித்தல். கண்ணாடியும் கதவும் அலங்காரத் தகடுகளும் கழற்றப்பட்டன. கனத்த உடற்பகுதி நீக்கப்பட்டு, இலேசான மரப்பெட்டி போன்ற உடல் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. நீக்கிய ஒவ்வொரு றாத்தல் இரும்புக்கும் ஈடாக ஒரு றாத்தல் தண்ணீரோ பெற்றோலோ ஏற்றலாம் அன்றோ?

அதன்பின்னரே கூட்டல். சேர்த்த பொருள் ஒவ்வொன்றும், முன்னைய பயணத்தில் அவர்கள் நேரிற் கண்ட ஓர் இடருக்கு விடையாக இருந்தது. மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுவேன்.

முதலாவது தண்ணீர். மென்மணலில் வண்டி உழைக்கும்போது றேடியேற்றரில் உள்ள நீர் கொதித்து ஆவியாகிப் போகின்றது. குடிநீரை அதற்கு ஊற்றினால் மனிதர்க்கு இல்லை. ஊற்றாவிட்டால் இயந்திரம் எரியும். இதற்கு முதலாம் உலகப் போர்க்கால இலகு வண்டிப் படையினர் கையாண்ட முறையொன்றை அவர்கள் மேற்கொண்டனர். ஆவி வெளியேறும் குழாயை அடைத்து, வேறொரு குழாய் வழியாக ஆவியை, வண்டியின் பக்கத்திற் பொருத்திய ஒரு தண்ணீர்த் தகரத்தின் அடிக்குக் கொண்டுசென்றனர். அங்கே ஆவி குளிர்ந்து மீண்டும் நீராயிற்று. தகரத்து நீரும் கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவர். றேடியேற்றர் குளிர்ந்து அதனுள் வெற்றிடம் உண்டாக, தகரத்து நீர் தானாகவே திரும்ப உறிஞ்சப்படும். மூட்டுக்கள் யாவும் இறுக்கமாக இருந்தால் நீர் வீணாவதில்லை. இதே தத்துவந்தான் இன்றைய வண்டிகளில், றேடியேற்றருக்கு அருகே காணும் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் அமைந்துள்ளது.

இரண்டாவது புதைமணல். கெய்ரோவிற் பழைய இரும்புக் கடையொன்றிற் போர்க்காலத்துப் பதுங்குகுழிகளுக்குக் கூரையிட்ட உருக்குத் தகடுகள் கிடைத்தன. ஏறக்குறைய ஐந்தடி நீளம், தவாளிப்போடு கூடியவை. புதைந்த சில்லின் முன்னால் மணலைத் தோண்டி இத்தகட்டைச் செருகினாற் சில்லு அதனைப் பற்றி ஏறி வெளியே வந்துவிடும். இன்று பயணிகள் பெரு விலை கொடுத்து வாங்கும் மணற்றகடுகளுக்கு இவையே முன்னோடி.

மூன்றாவது திசை. வண்டியில் உள்ள இரும்பும் மின்சாரமும் காந்த ஊசியை மயக்கிவிடும். ஆதலாற் பக்னோல்ட் சூரியத் திசைகாட்டியைத் திருத்தி அமைத்தார். 360 பாகைகளாகப் பிரித்த ஒரு வட்டத் தட்டு. அதன் நடுவில் நிமிர்ந்த ஓர் ஊசி. ஊசியின் நிழல் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சூரியன் நகர நகரத் தட்டையும் இடையிடையே திருப்பிவைக்க வேண்டும். ஓடிய மைல்களைக் குறித்து, இரவில் விண்மீன்களை அளந்து, தாம் இருக்கும் இடத்தை நிலப்படத்திற் பதித்தார்கள்.

இவற்றோடு காசு செலவில்லாத வேறொரு முறையையும் அவர்கள் கையாண்டனர். அது ரயரிலுள்ள காற்றைக் குறைத்தல். இதன் கணக்கைச் சிறுவரும் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சில்லின்மேல் 1000 றாத்தல் பாரம் இருக்கின்றது என்று கொள்வோம். ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 40 றாத்தல் அமுக்கம் இருந்தால், அப்பாரத்தைத் தாங்க ஏறக்குறைய 25 சதுர அங்குலப் பரப்பு நிலத்தைத் தொடும். அமுக்கத்தை 16 றாத்தலாகக் குறைத்தால் அப்பரப்பு 60 சதுர அங்குலத்துக்கு மேலாக விரியும். பாரம் மாறவில்லை, அது பரந்து நிற்கின்றது. ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதன் காரணமும் இதுவே. ஆனால் தார் வீதிக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்றடித்தல் வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடித்துவிடும்.

இவ்வாறு ஆயத்தஞ் செய்த வண்டிகளால் ஒட்டகங்களாற் கடக்க இயலாத மணற்றொடர்களை அவர்கள் கடந்தனர். 1940ஆம் ஆண்டில் எகிப்தில் நெடுந்தூரப் பாலைவனப் படையணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதனை அமைத்தவரும் பக்னோல்ட்தான். நியூசிலாந்து வீரர்கள் அதன் முதற் தொண்டர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை 30 அந்தர் பாரமேற்றும் சாதாரண செவ்ரலே லொறிகள். அவற்றிலும் கதவுகளும் கண்ணாடிகளும் கழற்றப்பட்டன. அகன்ற ரயர்கள் பூட்டப்பட்டன. வில்லுத் தகடுகள் கூட்டி வலுப்படுத்தப்பட்டன. தண்ணீர்த் தகரமும் உருக்குத் தகடும் சூரியத் திசைகாட்டியும் பொருத்தப்பட்டன.

இக்கதையைக் கேட்ட என் மாணவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்படியானால் என்னுடைய பட்டியலில் உள்ளவை எல்லாம் வீணா, ஐயா?” என்றார்.

வீண் என்று நான் கூறவில்லை. “ஒவ்வொன்றும் எந்த இடருக்கு விடை என்று எழுதுவோம். அதன் பக்கத்தில் நிறையையும் எழுதுவோம்” என்றேன். அவ்வாறே எழுதினோம். கூரைக் கூடாரம் ஏறக்குறைய 60 கிலோ, இரும்புத் தடுப்பு 70, இழுவைப்பொறி 40, கூரைத் தாங்கி 30. மொத்தம் 200 கிலோ. அவர், மனைவி, பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரின் நிறையும் அவ்வளவே. குடும்பம் ஏறுமுன்னரே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குடும்பம் வண்டியில் ஏறி அமர்ந்துவிடும்! அவற்றுட் கூடாரமும் தாங்கியும் தலைக்கு மேலே இருப்பவை. உச்சி கனத்த வண்டி, சரிவான காட்டுப் பாதையிற் கவிழும் இயல்புடையது. இழுவைப்பொறியின் கம்பியைக் கட்டுதற்கு ஒரு மரம் வேண்டும். கரையோர மணலில் மரத்துக்கு எங்கே போவது?

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியம். பின்னச்சுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் பகுதியிற் கனமான பொருளை வைத்தால், அது நெம்புகோல் போல் வண்டியின் சட்டகத்தை வளைக்கும். அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசப் பாதைகளில், அளவுக்கு மீறி ஏற்றிய பிக்கப் வண்டிகள் பல இவ்வாறு நடுவில் வளைந்து போயின. ஆதலின் தண்ணீர்க் கலன், பற்றறி முதலிய கனப்பொருள்களைச் சாரதியறைக்கு நேர்பின்னால், தாழ்வாக வைத்துக் கட்டுதலே முறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அனுபவமிக்க முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கச் செய்தோம். அவர் ஒரு சிறு சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சட்டகத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று ஒலித்த இரும்பு, பின்புற வில்லு பூட்டிய இடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தது. இன்னொரு முறை தட்டினார். கைவிரல் நுழையும் அளவுக்குத் துரு உதிர்ந்து விழுந்தது. வெளியே புதுப் பூச்சு, உள்ளே ஒன்றுமில்லை. பிறேக்கின் இறப்பர்க் குழாய்களை வளைத்துக் காட்டினார், மேற்பரப்பெங்கும் வெடிப்பு. ஓடாமல் நின்றாலும் இறப்பர் முதுமையடையும் என்றார். பின்னச்சின் மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தது. அது அடைபட்டாற் சூடான அச்சு ஆற்று நீரில் இறங்கிக் குளிரும்போது, ஓரங்களின் வழியே நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்; எண்ணெயோடு நீர் கலந்து பற்சில்லுகள் கெடும்.

மாணவரின் முகம் வாடிற்று. கூரைக் கூடாரத்துக்கு மறுநாள் முற்பணங் கட்டுவதாக இருந்தவர் அவர். அந்தச் சட்டகத்தின் மேல், அந்தப் பிறேக்கை நம்பி, இருநூறு கிலோ இரும்பை ஏற்றிப் பிள்ளைகளையும் ஏற்றி மலைநாட்டு இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. பணம் முழுவதும் சட்டகத்தை வெட்டி ஒட்டுவதற்கும், பிறேக்குக்கும், றேடியேற்றரைச் சுத்தஞ் செய்வதற்கும், குழாய்களுக்கும், வார்களுக்கும் சென்றது. அயலவர் வந்து பார்த்து, “என்ன மாற்றம் செய்தீர்கள்? ஒன்றுந் தெரியவில்லையே!” என்றார்களாம்.

வண்டி ஆயத்தமானபின், வடமராட்சி கிழக்கிலே கடற்கரையை ஒட்டிச் செல்லும் மணற்பாதையொன்றில் அதனைச் சோதித்தோம். பக்னோல்டின் கதையை அவ்வளவு விரிவாகக் கூறிய நானும் அருகில் அமர்ந்திருந்தேன். அரை மைல் செல்லுமுன் வண்டி புதைந்தது. மாணவர் வேகத்தைக் கூட்டினார். சில்லுகள் சுழன்று குழியை ஆழமாக்கின. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “காத்தை இறக்குங்கோ தம்பி, வண்டி தானா வெளிக்கிடும்” என்றார். சில்லுகளின் முன்னே பனையோலைகளைப் பரப்பினார். காற்றைக் குறைத்தோம், வண்டி மெல்ல எழுந்து வந்தது. புத்தகத்தில் அறிந்ததை நான் மறந்திருந்த வேளையிற் புத்தகம் காணாத அவர் அதனை நினைவூட்டினார். தார் வீதிக்கு வந்தபோதுதான், திரும்பக் காற்றடிக்கப் பம்பி இல்லை என்பதை உணர்ந்தோம். மூன்று மைல் தூரம் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து சென்றோம். மறுநாள் வாங்கிய முதற் பொருள் காற்றுப் பம்பியும் அமுக்கமானியும்; இரண்டாவது ஒரு மண்வெட்டி. பட்டியலில் இவை மூன்றும் இருந்ததே இல்லை.

இத்தகைய பயணத்தை விரும்பும் நேயர்கள் இன்னுஞ் சிலவற்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதல் நன்று. தேசிய வனங்களிற் குறித்த பாதையை விட்டு விலகுதல் கூடாது. அங்கே தங்குதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கரையோர மணற்குன்றுகளின்மேல் வண்டி ஏற்றுதலும் தகாது. அங்கே படர்ந்துள்ள அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லுமே மணலைக் கட்டிவைத்துள்ளன. ஒரு நாள் இன்பத்துக்காகச் சில்லுகளால் அவற்றை அரைத்துவிட்டால், மணல் பறந்து ஊருக்குள் வரும்.

பக்னோல்டின் கதையில் ஒரு பகுதி எஞ்சியுள்ளது. மணல் ஓரிடத்திற் கல்லைப் போல் வண்டியைத் தாங்குகின்றது. சில அடி தள்ளி அதே மணல் வண்டியை விழுங்குகின்றது. ஏன் என்று அவர் சிந்தித்தார். காற்று மணலைப் படிப்படியாகப் படியவைத்த பக்கம் இறுகியும், உச்சியிலிருந்து சரிந்து விழுந்த பக்கம் நெகிழ்ந்தும் இருப்பதைக் கண்டார். படைச் சேவையிலிருந்து நீங்கியபின், காற்று வீசும் ஒரு சுரங்கப் பெட்டியைத் தாமே அமைத்து, மணற்றுணிக்கைகள் எவ்வாறு துள்ளி நகர்கின்றன என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி நூல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்றும் அறிஞர் அதனைப் பயன்படுத்துகின்றனர். செவ்வாய்க் கிரகத்திற் கியூரியோசிற்றி என்னும் ஆய்வு வண்டி 2015ஆம் ஆண்டிற் சென்றடைந்த மணற்குன்றுகளுக்கு அவருடைய பெயரே வழங்குகின்றது. விடுமுறையில் வண்டி புதைந்த ஒரு மனிதர், அதன் காரணத்தைத் தேடியதன் பயன் அது.

என் மாணவர் ஆவணியிற் பயணஞ் சென்றார். நிலத்தில் விரிக்கும் சாதாரணக் கூடாரமே கொண்டுசென்றார். பன்னிரண்டு நாட்களில் நேர்ந்த ஒரே இடையூறு, கிழக்குக் கரையில் ஓர் அந்திப் பொழுதில் விசிறி வார் அறுந்தமைதான். மேலதிக வார் ஒன்று கைவசம் இருந்தது. எதை நெகிழ்த்தி எதை இறுக்குவது என்பதை அந்த முதிய மெக்கானிக்கிடம் அவர் முன்னரே பழகியிருந்தார். மூத்த மகள் மின்சூள் பிடிக்க, அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததாம்.

திரும்பி வந்தபின் அந்தப் பழைய பட்டியலை மீண்டும் என்னிடங் காட்டினார். எல்லாவற்றையும் கோடிட்டு நீக்கிவிட்டு, அடியில் ஒன்றை மட்டும் எழுதியிருந்தார்: “இன்னுமொரு தண்ணீர்க் கலன்.” அது அவர் நேரிற் கண்ட தேவை. அதனை வாங்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.